சத்தம் அடங்கிய ஜீப்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தை மாதம் ஏலக்காய்க் கடையில் கொடுத்த டைரி இது. இதுவரை டீசல் போட்ட நாளையும் மழை பெய்த நாளையும்தான் எழுதியிருக்கிறேன். இன்று எஸ்டேட் லீவு. சும்மா இருந்தால் எனக்குக் கை குறுகுறுக்கும், அதனால் எழுதுகிறேன்.

வண்டியில் சத்தம் வருகிறது என்று முதலில் சொன்னது மாயக்கா. நேற்று சாயங்காலம் இறங்கும்போது, தூக்குவாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எல்லோர் முன்னாலும் சொன்னது.

"தம்பி, என் காலுக்கடியில ஏதோ பல்லைக் கடிக்குதுப்பா. வளைவுல திரும்புறப்ப நறநறங்குது."

"தகரம்க்கா. கூரையில்லாத ஜீப்புல நாதஸ்வரமா கேக்கும்?" என்றேன். மற்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். மாயக்கா சிரிக்கவில்லை, குனிந்து ஜீப்பின் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றது.

மாயக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. இருபது வருஷமாக முந்தலிலிருந்து மலையேறி ஏலக்காய் எடுக்கிறது. என் ஜீப்பில் பின்பக்கம் இடது பலகையின் கடைசி, சக்கரத்துக்கு மேலே, அதுதான் மாயக்கா இடம். ஜீப்பில் இடம் என்பது பத்திரம் பதிந்த வீட்டுமனை மாதிரி. ஒருத்தி வேலையை விட்டு நின்றால் அவள் மகளோ மருமகளோதான் அங்கே உட்காரலாம். வேறு யாராவது உட்கார்ந்தால் அன்று மலையுச்சி மெட்டு வரைக்கும் சண்டைதான்.

பதினேழு கொண்டை ஊசி வளைவு, பத்தொன்பது வருஷம், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. சுருளிவேல் வண்டியென்றால் நிறைமாதக்காரிகூட ஏறுவாள் என்று இந்த ரோட்டில் சொல்வார்கள். அந்தப் பேரை ஒரு தகரம் கெடுக்க விடமாட்டேன்.

சித்திரையில் நடந்தது வேறு கதை. அது இங்கே வேண்டாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை. மாயக்கா மறுபடியும் சொன்னது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் குனிந்து காது கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் பொம்பளைகளை எஸ்டேட்டில் இறக்கிவிட்டு நேரே தேனிக்குப் போனேன். கார் சாமான் விற்கிற இஸ்மாயில் பாய் கடை. சத்தத்தை அடக்க தரையில் ஒட்டுகிற ஷீட் வேண்டும் என்றேன்.

"மூடின காருக்கா, தெறந்த வண்டிக்கா?"

"தெறந்த ஜீப்பு பாய். படுதாகூடக் கிடையாது. கட்டினா வளைவுல பொம்பளைங்களுக்குக் குமட்டிக்கிட்டு வந்துரும். மழை பெஞ்சா தலைக்கு மேல ஒரு பிளாஸ்டிக் தாளைப் பிடிச்சுக்கிருவாங்க. தரையில தண்ணி ஓடும்."

"அப்ப காருக்குப் போடுறதையெல்லாம் மறந்துருங்க" என்று நாலு தினுசை மேஜையில் எடுத்துப் போட்டார். முதலில் கறுப்புக் கம்பளி மாதிரி ஒன்று. "இது சத்தத்தையும் குடிக்கும், தண்ணியையும் குடிக்கும். குடிச்சதைத் துப்பாது. ஆறே மாசத்துல தரைத் தகரம் அப்பளமாயிரும்." இரண்டாவது தார் ஷீட். தண்ணீருக்குப் பயமில்லை, ஆனால் வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும். மூன்றாவது ப்யூட்டைல் என்றார், ரப்பர் ஜாதி, மேலே அலுமினியத் தாள். நாலாவது ஒரு ஃபோம். உள்ளே கண் கண்ணாக இருக்குமாம், ஆனால் ஒரு கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் வழி கிடையாதாம், அதனால் தண்ணீர் உள்ளே போகாதாம்.

மனுஷன் நன்றாகத்தான் சொன்னார். அத்தோடு விட்டிருக்கலாம்.

"ஒண்ணு கேக்கறேன். சத்தம் தகரத்துல இருந்து வருதா, எலும்புல இருந்து வருதா? தகரம்னா ஒட்டுங்க, போதும். எலும்புன்னா இது மருந்து இல்ல, வாயைப் பொத்துற துணி."

எலும்பு என்று அவர் சொன்னது சேஸை. வண்டி மொத்தமும் அதன் மேல்தான் நிற்கிறது.

"தகரம்தான் பாய்" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விற்கிறவருக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி? நாலிலும் கையகலத் துண்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சோதிக்காமல் நான் எதையும் வண்டியில் ஏற்றுவதில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாலு துண்டையும் நாலு வாளியில் போட்டு மேலே கல் வைத்தேன். குளிக்க வாளி இல்லாமல் பவுன்தாய் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ஊறுகா போடுறீங்களா?"

"வண்டிக்கு."

"வண்டி ஊறுகா கேட்டுச்சா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு வாளியின் துண்டை அடுத்ததில் போட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்த பிறகு அவளுக்கு வீட்டில் பேச்சுத் துணை நான் ஒருத்தன்தான். அதனால் பேச்சு எல்லாம் என் மேலேயே விழுகிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மூன்று நாள் ஊறியாயிற்று. கம்பளி ஊறி உப்பி, நனைந்த நாய் வாடை அடித்தது. பிழிந்து கொடியில் போட்டேன், சாயங்காலம்வரை சொட்டிக்கொண்டே இருந்தது. தார்த் துண்டைத் தகரக் கூரையில் வைத்தேன், மத்தியான வெயிலில் இளகிக் காக்காயின் காலில் ஒட்டிக்கொண்டது. ப்யூட்டைலின் மேல் தண்ணீர் நிற்கவே இல்லை. ஃபோமைக் கத்தியால் நடுவில் வெட்டினேன், உள்ளே காய்ந்து கிடந்தது.

முடிவு பண்ணிவிட்டேன். கீழே ப்யூட்டைல், அதன் மேல் ஃபோம், எல்லாவற்றுக்கும் மேலே ரப்பர் மேட்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாயக்கா இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு வருகிறது. டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி. கண்ணாடியில் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாள் முழுக்க வேலை. பலகைகளைக் கழற்றி, தரையைச் சுரண்டி, துருவைத் தேய்த்து எடுத்து, பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைத்தேன். பவுன்தாய் பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு வந்து, நான் ஒட்ட ஒட்ட மேலே உருட்டிக் காற்றை வெளியே தள்ளினாள். சப்பாத்தியில்கூட இத்தனை அக்கறை காட்டியதில்லை என்றேன். வண்டி என்னைத் திட்டாதில்லையா என்றாள்.

இடது பின் மூலைக்கு வந்ததும் அவள் கை நின்றது.

"இது என்னங்க புதுத் தகரம்? ரிவிட்டு அடிச்சிருக்கு."

"பழசுதான்."

"பளபளங்குதே."

அந்த இடத்தில் இரண்டு அடுக்கு ஒட்டினேன்.

தரையில் தண்ணீர் போக நாலு ஓட்டை இருக்கிறது. திறந்த வண்டிக்கு அதுதான் உயிர், எதை மறைத்தாலும் அதை மறைக்காதீர்கள் என்று, முழு ஷீட் வாங்கப் போனபோது பாய் சொல்லி அனுப்பினார். மூன்றைத் திறந்து விட்டேன். இடது மூலை ஓட்டையை மட்டும் மூடினேன். அது வழியாகத்தான் சத்தம் மேலே வருகிறது. நாலில் ஒன்று போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

வண்டி பூனை நடக்கிற மாதிரி ஏறியது. எட்டாவது வளைவுக்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். ஈஸ்வரி ஆறு மாதக்காரி, இத்தனை நாளாக வாந்தியோடு வருவாள். "இன்னைக்குத்தாண்ணே வயித்தைப் பெரட்டல" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்குப் பின்னால் வருகிற ஜீப் வைரவனுடையது. எஸ்டேட் வாசலில் வந்து என் தரையை முஷ்டியால் தட்டினான். டொக் என்றது, அவ்வளவுதான். "மாமா, எந்தக் கடை?" என்றான். மிச்சமிருந்த சுருளை அவனுக்கே கொடுத்துவிட்டேன்.

மாயக்கா மட்டும் இறங்கும்போது குனிந்து மேட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

ஆகஸ்ட் 20, புதன்

சத்தம் அடங்கியதில் ஒரு கெடுதல் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக இந்தப் பொம்பளைகள் பேசுவது எனக்கு முதுகுக்குப் பின்னால் ஓர் இரைச்சல், அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. யார் மருமகள் யாரை மதிக்கவில்லை என்பது கேட்கிறது. டிரைவர் காதில் மயிர் விளக்குமாறு மாதிரி இருக்கிறது என்பதும் கேட்கிறது. இருக்கட்டும்.

இறங்கும்போது மாயக்கா ஈஸ்வரியிடம் சொல்லிக்கொண்டு வந்தது.

"எங்க வீட்டுக்காரரு ஒன்றரை வருசம் வலியில அனத்துனாரு. அனத்துறப்பல்லாம் நான் பயப்படலடி. ஒருநாள் காலையில அனத்தல் நின்னுருச்சு. அக்கம்பக்கத்துல எல்லாம் நல்லாயிட்டாருன்னாங்க. சாயங்காலம் பாடையில தூக்கிட்டோம்."

ஈஸ்வரி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வண்டியும் அனத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றது.

ஹாரனை அழுத்தினேன். எதிரே ஒரு வண்டியும் வரவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

மாயக்காவை முன் சீட்டுக்கு வரச் சொன்னேன். முன் சீட் கங்காணிக்கும் எஸ்டேட் ஆட்களுக்கும் உரியது, கூலிப் பொம்பளை யாரும் அதில் உட்கார்ந்ததில்லை.

"ஏன் தம்பி, என் எடத்துக்கு என்ன?"

"வயசாயிருச்சுக்கா. முன்னாடி குலுங்காது."

மாயக்கா முன்னால் வந்து ஏறியது. போட்டோவுக்கு உட்காருவது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வந்தது. இனிமேல் காலை அழுத்திப் பார்க்கிற வேலை இல்லை என்று நிம்மதியாக இருந்தது.

பதினோராவது வளைவில் ரோட்டை ஒட்டி ஒரு பாறை இருக்கிறது. பின்னால் உட்காருகிறவர்களுக்குத் தெரியாது. முன்னால் இருந்தால் நேருக்கு நேர் வரும். அதில் ஒரு முழ நீளத்துக்குப் பச்சைப் பெயிண்ட் தேய்ந்திருக்கிறது. இந்த ரோட்டில் பச்சை ஜீப் என்னுடையது ஒன்றுதான்.

மாயக்கா பாறையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. நான் ரோட்டைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை. டைரியில் டீசல்தான் இருக்கும் என்று பவுன்தாய் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சித்திரையில் ஒருநாள் பொம்பளைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு இறங்கிக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி, நல்ல வெளிச்சம், ரோட்டில் யாருமில்லை. கண் அசந்துவிட்டது. குடியில்லை, காய்ச்சலில்லை, ஒன்றுமில்லை. ஒரு நொடி அசந்தேன், பாறை இடித்து எழுப்பியது.

இடது பின்பக்கம், சக்கரத்தின் குலுக்கலைத் தாங்குகிற கமான் பட்டையைப் பிடித்திருக்கிற இடத்தில் சேஸ் விரிசல் விட்டுவிட்டது, மேலே தரைத் தகரமும் கிழிந்தது. போடியில் காட்டினால் எல்லா டிரைவரும் டீ குடிக்கிற பட்டறையில்தான் காட்ட வேண்டும். சுருளிவேல் தூங்கிவிட்டான் என்று மத்தியானத்துக்குள் மெட்டு வரை போய்விடும். அதனால் என்னை யாருக்கும் தெரியாத கம்பத்தில் ஒரு பட்டறைக்கு உருட்டிக்கொண்டே போய் வெல்டிங் வைத்து, கிழிசலுக்குத் தகரம் அடித்து, தேய்ந்த இடத்தில் பெயிண்டும் பூசினேன். வீட்டில் பழனிக்குப் போகிறேன் என்று சொன்னேன். விபூதிகூட வாங்கி வந்தேன்.

வெல்டர், "இது ஊர் போய்ச் சேர்றதுக்குத்தான். பாடியைத் தூக்கிட்டு அந்தத் துண்டையே மாத்தணும்" என்றான். சரி என்றேன். நாலு மாதம் ஆகிறது. நன்றாகத்தானே ஓடுகிறது?

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். பின்னால் ஏறிப் பொட்டு வைக்கும்போது இடது மூலையில் ரப்பர் மேட்டுக்கடியில் சொதசொத என்றது. காலை எடுத்ததும் ஓரத்தில் தண்ணீர் கசிந்து வந்தது, செம்மண் நிறத்தில்.

துருவின் நிறம் என்று எழுத வேண்டும். செம்மண் என்றே இருக்கட்டும், நம் ஊர் ரோடு அப்படி.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எஸ்டேட்டில் காத்திருக்கும் நேரத்தில் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வெல்டிங்கின் மேல் ஒரு கோடு. தலைமயிர் அளவுதான். முன்னாலேயே இருந்திருக்கலாம்.

அதன் மேல் கிரீஸ் அப்பினேன். இப்போது தெரியவில்லை.

சீசன் முடிய இன்னும் நாலு மாதம். பொங்கல் லீவில் மாற்றிவிடலாம். இல்லை, தீபாவளிக்கே மாற்றிவிடுகிறேன். மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது.

ஆகஸ்ட் 30, சனி

சாப்பிடும்போது பவுன்தாய் சொன்னாள், திங்கள்கிழமையிலிருந்து அவளும் ஏலக்காய் எடுக்க வருகிறாளாம். ஆள் பற்றவில்லை என்று கங்காணியே கூப்பிட்டிருக்கிறார். வீட்டில் சுவரைப் பார்த்துப் பேசிப் பேசி அலுத்துவிட்டதாம்.

"வண்டியில எடம் இல்லையே" என்றேன்.

"ஏன், மாயக்கா எடம் காலியாத்தானே கெடக்கு? கேட்டுட்டேன். ஒக்காந்துக்க ஆத்தான்னு சொல்லிருச்சு."

சோறு தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன், இறங்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையிலிருந்து சண்டை. முதலில் டிரைவர் பெண்டாட்டி கூலிக்குப் போனால் எனக்குக் கேவலம் என்றேன். அவள், இத்தனை வருஷம் கூலிக்காரிகளை ஏற்றிக்கொண்டு போனது கேவலமில்லையா என்றாள். அட்டை கடிக்கும் என்றேன். மகளைப் பெற்றவளுக்கு அட்டை என்ன என்றாள். கடைசியில், "சரி வா, முன் சீட்டுல ஒக்காரு, மாயக்கா பழையபடி பின்னாடி போகட்டும்" என்றேன்.

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த எடத்துல நான் ஒக்காந்தா ஒங்களுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அந்தத் தகரம் எப்ப அடிச்சது?"

"பழசுன்னேனே."

"பழனிக்குப் போனீங்களே சித்திரையில. வண்டியில போனீங்க, ஆனா மொட்டை போடல, பஞ்சாமிர்தம் வாங்கல. வெறும் விபூதிப் பொட்டலம். அப்பவே நெனச்சேன்."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வரும்போது நாளைக்கு எடுத்துக்கொண்டு போகிற தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அந்த இடத்தில் நாலு மாதமாக மாயக்கா உட்கார்ந்திருந்தது. அப்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்கியது.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் நான் எழுந்து வந்தபோது பவுன்தாய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அதே இடம். பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வெறுங்காலை மேட்டின் மேல் வைத்துக்கொண்டு.

டீக்கடை முன்னால் நிறுத்தினேன். விடிந்துகொண்டிருந்தது. ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். புது ஆளைப் பார்த்ததும் மதினி மதினி என்று ஒரே கொண்டாட்டம். ஈஸ்வரி அவளுக்கு எதிரே உட்கார்ந்து மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டாள். மாயக்கா முன்னால் ஏறியது.

"எல்லாரும் ஏறியாச்சு. எடுங்க" என்றாள் பவுன்தாய்.

கிளட்சை மிதித்தேன். கண்ணாடியில் அவள் பாதம் தெரிந்தது. கியரில் கை வைத்தேன், கை நகரவில்லை.

"பவுனு, நீ எறங்கு."

"நான் மட்டுமா?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை, உப்பு இருக்கா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். ஆனால் வண்டியில்தான் சத்தமே இல்லையே. எல்லோருக்கும் கேட்டது.

சாவியைத் திருப்பி அணைத்தேன். திரும்பி உட்கார்ந்து சொன்னேன். தூங்கியதைச் சொன்னேன், பாறையைச் சொன்னேன், கம்பத்து வெல்டிங், ஷீட் எதற்கு ஒட்டினேன், கிரீஸ், எல்லாம். சொல்லும்போது என் குரல் எனக்கே வேற்றாள் குரலாக இருந்தது. வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு வெட்கம் என் அப்பா என்னை நடுத்தெருவில் வைத்து அடித்தபோதுகூட வந்ததில்லை.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முதலில் ஈஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், மற்றவர்கள் அவள் பின்னாலேயே இறங்கினார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. மாயக்கா மட்டும் முன் சீட்டிலேயே இருந்தது.

"கல்லுல பெயிண்டைப் பாத்தன்னைக்கே தெரியும் தம்பி. நீயாச் சொல்லுவன்னு பாத்துக்கிட்டே வந்தேன்."

"நீயாவது கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா வண்டி நிக்கும். வண்டி நின்னா பதினோரு அடுப்பு நிக்கும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "அந்தப் புள்ளத்தாச்சிய வேற பின்னாடி விட்டுட்டு நான் முன்னாடி ஒக்காந்து வந்தேன். நானும்தான் தப்பு."

அப்போது வைரவன் ஜீப் வந்தது. அதில் ஏற்கெனவே பத்துப் பேர். வேறு வழியில்லாமல் எல்லோரும் அங்கே போனார்கள். போன வாரம்தான் அவனும் நான் கொடுத்த ஷீட்டை ஒட்டி மேட் விரித்திருந்தான். ஏறப்போன பொம்பளைகளை மாயக்கா கையை விரித்து மறித்தது.

"மொதல்ல இதைப் பிரி."

"எதுக்கு? புதுசா ஒட்டினது!"

"பிரிடா."

ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் இறங்கிவிட்டார்கள். இருபத்தொரு பொம்பளைகள் ரோட்டில் நின்றார்கள், பவுன்தாயோடு இருபத்திரண்டு. வைரவன் என் குலத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டு மேட்டைத் தூக்கி, ஷீட்டைக் கிழித்தான். கீழே துரு, இரண்டு பொத்தல், வேறொன்றும் இல்லை. மாயக்கா ஏறி நாலு மூலையிலும் காலால் மிதித்துப் பார்த்த பிறகுதான் மற்றவர்களை விட்டது.

இருபத்திரண்டு பேரோடு அந்த ஜீப் மலையேறியதை நான் டீக்கடையில் நின்று பார்த்தேன். பின் சக்கரம் இரண்டும் அமுங்கியிருந்தன. பவுன்தாய் கடைசியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனாள், என் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் அந்த ஜீப் திரும்பும்வரை நான் டீக்கடையை விட்டு அசையவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

என் ஷீட்டைப் பிரித்தேன். வரவில்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறேன். தோசைக்கரண்டியைக் காய்ச்சிக் காய்ச்சிச் சுரண்டினேன். மூன்று மூலையும் காய்ந்து சுத்தமாக இருந்தது. இடது மூலையில் ஒரு சொம்புத் தண்ணீர் நின்றது. வெடிப்பு ஆட ஆட ஷீட்டின் ஓரம் கிளம்பி மழை உள்ளே போயிருக்கிறது, ஓட்டையை நான் மூடியதால் வெளியே வர வழியில்லை. ரிவிட் தகரம் கையோடு வந்தது.

கீழே படுத்து கிரீஸைத் துடைத்தேன். தலைமயிர்க் கோடு இல்லை. சுண்டுவிரல் உள்ளே போனது.

வண்டியைப் போடிப் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனேன். எல்லா டிரைவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

பவுன்தாய் சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள், வந்து படுக்கிறாள். பேச்சில்லை. தினமும் காலை வைரவன் ஜீப் வீட்டைத் தாண்டிப் போகிறது. மேட் இல்லை, ஷீட் இல்லை. தகரம் கடகடவென்று ஊரையே எழுப்புகிறது. நான் வாசலில் நின்று மெயின் ரோடு திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

இன்று காலை அந்தக் கடகடப்புக்கு அடியில் வேறொன்று கேட்டது. நறநற.

என் காதுக்கு இனிமேல் எல்லாம் அப்படித்தான் கேட்கும் என்று நினைத்தேன். உள்ளே போகத் திரும்பியும் விட்டேன். பிறகு செருப்புகூடப் போடாமல் ஓடினேன். குறுக்கே கோயில் சந்து வழியாகப் போய் முதல் வளைவுக்கு முன்னால் நடுரோட்டில் நின்று கையை விரித்தேன். வைரவன் பிரேக் அடித்து, இதுவரை நான் கேட்டிராத கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னான்.

"எறங்குங்க" என்றேன். மூச்சு வாங்கியது, வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை.

யாரும் அசையவில்லை. தூங்கினவன் சொல்லி யார் இறங்குவார்கள்? ஒருத்தி முணுமுணுத்தாள், நேரமாகிறது என்று. அப்புறம் பின்னால் கம்பியை விட்டுவிட்டு முதல் ஆளாக பவுன்தாய் இறங்கினாள். அடுத்து மாயக்கா. அப்புறம் எல்லோரும்.

நானும் வைரவனும் அடியில் படுத்துப் பார்த்தோம். கமான் பட்டைக்கு இடையில் ஒரு கல் மாட்டியிருந்தது, புளியங்கொட்டை அளவு. அவ்வளவுதான். எடுத்து வெளியே போட்டேன். வைரவன் அந்தக் கல்லை என் மூஞ்சிக்கு நேரே காட்டி, "இதுக்கா மாமா?" என்று கேட்டான். எஸ்டேட்டில் இன்று எல்லோருக்கும் அரை நாள் போய்விடும் என்றான்.

பொம்பளைகள் மறுபடி ஏறினார்கள். பவுன்தாய் கடைசியாக ஏறினாள். வண்டி நகரும்போது என்னைப் பார்த்தாள். முதலில் என் வெறுங்காலை, பிறகு முகத்தை.

"நாளன்னைக்கும் வாசல்ல நின்னு கேளுங்க" என்றாள்.

நாளை ஞாயிறு, லீவு. திங்கள்கிழமை காலை அஞ்சரைக்கு.